அப்பா இலை போடுகிற ஃபேக்டரியில் இன்டர்ன்ஷிப் கேட்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டிதான் (மலைக் கிராமம்) எங்கள் ஊர். கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் ட்ரிபிள் இ (மின்னியல், மின்னணுவியல்) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மே நடுவில் செமஸ்டர் முடிகிறது. அதற்குப் பிறகு ஆறு வாரம் லீவு. அந்த லீவில் இன்டர்ன்ஷிப் முடித்து ரிப்போர்ட் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஜனவரியிலிருந்து அறுபது கம்பெனிகளுக்கு மெயில் அனுப்பிவிட்டேன். இரண்டே இரண்டு பதில்தான் வந்தது. 4,500 ரூபாய் கட்டினால் நான்கு வாரத்தில் ஆன்லைனிலேயே சர்டிஃபிகேட் தருவதாக ஒருவர் சொல்கிறார், இன்னொருவர் 7,000 கேட்கிறார். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. சென்னையிலோ பெங்களூரிலோ ரூம் எடுத்துத் தங்க வசதி இல்லை. எங்கள் மலையில் கம்பெனியே கிடையாது. பேசாமல் பணத்தைக் கட்டி சர்டிஃபிகேட் வாங்கிவிடட்டுமா?

பதில்:

அன்பு மகளுக்கு,

உன் வயதில் எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், அதனால் நீ என்றே எழுதுகிறேன். நான் பிறந்தது குன்னூர். இருபது வருஷத்துக்கு மேலாகக் கோவையில் பம்பு, மோட்டார் செய்கிற தொழிற்சாலையில் வேலை. கோடை வந்தால் எங்களிடம் வரும் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பும் என்னுடையது. அதனால் இந்தக் கேள்விக்கு மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்ல முடியும்.

முதலில் அந்தப் பணம். கட்டாதே. இரண்டு பேருக்கும் கட்டாதே. வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்துவிட்டு வாங்குகிற காகிதத்தை வைத்து இன்டர்வியூவில் ஒரு கேள்வியைக்கூடத் தாண்ட முடியாது. இதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். மூன்றாம் வருஷ லீவில் நானும் ஒரு பெரிய ஆலையில் இன்பிளான்ட் டிரெய்னிங் போனேன். காலையில் கேட்டில் கையெழுத்து, நாலு பேராகச் சேர்ந்து ஒரு சுற்று, மத்தியானம் கேன்டீன், சாயங்காலம் பஸ். இரண்டு வாரம் அப்படியே போனது. பளபளவென்று சர்டிஃபிகேட் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் ஒரு இன்டர்வியூவில் அதைப் பார்த்த பெரியவர், "அங்கே டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை கேவிஏ?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். தினமும் அதன் பக்கத்தில்தான் நடந்து போயிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. நான் நேரில் போய்விட்டு வந்தே அந்த நிலைமை. ஆன்லைன் சர்டிஃபிகேட்டை வைத்துக்கொண்டு நீ என்ன சொல்வாய்?

பணம் கேட்பவர்கள் எல்லாருமே ஏமாற்றுகிறவர்கள் என்றும் நினைத்துவிடாதே. சில அரசு நிறுவனங்களில் இன்பிளான்ட் டிரெய்னிங்குக்கு என்று ஒரு கட்டணம் உண்டு. அது நிறுவனத்தின் கணக்கில் போய்ச் சேரும், ரசீது வரும், கல்லூரி முதல்வரின் கடிதம் இல்லாமல் வாங்க மாட்டார்கள். யாரோ ஒருவருடைய போன் நம்பருக்கு ஜிபே பண்ணு, இன்று ராத்திரிக்குள் கட்டினால் தள்ளுபடி என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடு.

சரி, அந்த அறுபது மெயில். உன் மேல் குற்றமில்லை, யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை. மார்ச் மாதம் என் மெயில் பெட்டியைத் திறந்தால் ஒரே மாதிரிக் கடிதங்களாக நிறைந்து கிடக்கும். "தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் என் திறமையை வளர்த்துக்கொள்ள ஒரு வாய்ப்பு" என்று ஆரம்பித்து அதே வாக்கியத்திலேயே முடியும். எங்கள் கம்பெனி பம்பு செய்கிறதா பிஸ்கட் செய்கிறதா என்று எழுதியவருக்குத் தெரியுமா என்பது கடிதத்திலிருந்து தெரியாது. என்னிடம் ஆறு இடம்தான் இருக்கிறது, சொல்லித்தர இரண்டு சூப்பர்வைசர்கள்தான். யாரைக் கூப்பிடுவது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் எழுதியிருந்தான். அவர்கள் தோட்டத்தில் 5 எச்பி போர்வெல் மோட்டார், ஒரே வருஷத்தில் இரண்டு தடவை காயில் எரிந்துவிட்டது. வைண்டிங் கடைக்காரர் மோட்டார் சரியில்லை என்கிறார், மோட்டார் விற்றவர் கரண்ட் சரியில்லை என்கிறார். இவன் ஒரு வாரம் தினமும் மூன்று வேளை மூன்று ஃபேஸிலும் வோல்டேஜ் அளந்து நோட்டில் எழுதியிருக்கிறான். அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து மெயிலில் வைத்து, "எந்த வோல்டேஜில் எத்தனை நேரம் ஓடினால் இன்சுலேஷன் கெடும் என்று உங்கள் டெஸ்ட் பெஞ்சில் பார்க்க விரும்புகிறேன்" என்று கேட்டிருந்தான். அன்று சாயங்காலமே போன் பண்ணினேன். மார்க் என்ன என்று கேட்கவே இல்லை. அப்புறம் பார்த்தால் இரண்டு அரியர் வைத்திருந்தான். அந்தக் கோடையில் வந்த ஆறு பேரில் அவன்தான் எங்களுக்கு அதிகம் பயன்பட்டான்.

உனக்கும் அப்படி ஒரு கேள்வி வேண்டும். அது உன் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மலையில் கம்பெனியே கிடையாது என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பா பறிக்கிற இலை எங்கே போகிறது? விவசாயிகளிடம் இலை வாங்கித் தூளாக்குகிற ஏதோ ஒரு தனியார் ஃபேக்டரிக்கோ (பாட் லீஃப் ஃபேக்டரி என்பார்கள்), குன்னூரில் தலைமையகம் உள்ள இன்ட்கோசர்வ் என்ற கூட்டமைப்பின் கீழ் வருகிற கூட்டுறவு ஃபேக்டரி ஒன்றுக்கோதான் போகும். கூட்டுறவு என்றால் உன் அப்பாவே அதில் உறுப்பினராக இருக்கலாம். சின்ன வயதிலிருந்து அந்த வாசனையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போயிருப்பாய். ட்ரிபிள் இ படிக்கிற கண்ணோடு ஒரு தடவை உள்ளே போய்ப் பார்.

மாடியில் இலையை வாட்டுகிற ட்ரஃப் வரிசையாக இருக்கும். நீளமான தொட்டி, மேலே கம்பி வலை, வலையின் மேல் பச்சை இலை, ஒரு கோடியில் ஃபேன். பன்னிரண்டிலிருந்து பதினாறு மணி நேரம் அந்த ஃபேன் இலைக்கு அடியில் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். பக்கத்துச் சுவரில் இரட்டைத் தெர்மாமீட்டர் ஒன்று தொங்கும், ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். உலர் பல்புக்கும் ஈர பல்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் காற்றில் இன்னும் ஈரத்தை இழுக்கிற சக்தி இருக்கிறதா என்று தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்கிற டீ மேக்கர் முடிவு பண்ணுவார். மூடுபனி இறங்கிய நாளில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும், சூடான காற்றைக் கலக்க வேண்டி வரும். கீழே சிடிசி ரோலர்கள். ஜோடியில் ஒன்று மெதுவாக, மற்றது ஏறக்குறைய பத்து மடங்கு வேகத்தில் சுற்றும். அந்த வேக வித்தியாசம்தான் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிறது. அதைத் தாண்டினால் புளிக்க வைக்கிற இடம், அப்புறம் விறகு எரிகிற ஹீட்டர், டிரையர். கடைசியில் தூளில் மிஞ்சும் ஈரம் நூற்றுக்கு மூன்று அளவுதான்.

இதில் உனக்கான வேலை அந்த ட்ரஃப் ஃபேனில் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 7.5 எச்பி மோட்டார் என்று வை. கரண்ட் அளக்கிற டாங் டெஸ்டரில் 9 ஆம்பியர் காட்டுகிறது, பவர் ஃபேக்டர் 0.8. 415 வோல்ட்டில் அது சுமார் 5.2 கிலோவாட். 14 மணி நேரம் ஓடினால் ஒரே ட்ரஃப்புக்கு 72 யூனிட். ஃபேனின் வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் மூன்றாம் படியில் குறையும் என்று பாடத்தில் படித்திருப்பாய். வேகத்தை எண்பது சதவீதமாக்கினால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இலை பாதிக்கு மேல் வாடிய பிறகும் முழு வேகக் காற்று வேண்டுமா? கடைசி ஐந்து மணி நேரம் மட்டும், மோட்டார் வேகத்தை மாற்றுகிற விஎஃப்டி என்ற கருவியைப் போட்டு வேகத்தைக் குறைத்தால் ட்ரஃப்புக்கு ஒரு நாளைக்குச் சுமார் 12 யூனிட் மிச்சமாகும். எத்தனை ட்ரஃப், வருஷத்தில் எத்தனை நாள், விஎஃப்டி என்ன விலை, போட்ட பணம் எப்போது திரும்பும் என்பதெல்லாம் அங்கே போய் நீ கண்டுபிடிக்க வேண்டியது.

டீ மேக்கர் சும்மா விடமாட்டார். "காற்றைக் குறைத்தால் வாட்டம் தள்ளிப் போகுமே, காலையில் ரோலருக்கு இலை யார் கொடுப்பது?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் புத்தகத்தில் இல்லை. மணிக்கு ஒரு தடவை கரண்ட், உலர் பல்பு, ஈர பல்பு மூன்றையும் எழுதி, கூடவே இலையையும் எடை போட்டுப் பார்த்தால்தான் சொல்ல முடியும். மே கடைசியில் ஆரம்பித்தால் உனக்கு இன்னொரு வசதி உண்டு. குந்தா, கூடலூர் அளவுக்குத் தென்மேற்கு மழை கோத்தகிரியில் கொட்டாது, ஆனாலும் ஜூனில் மேகமும் ஈரமும் கூடும். வெயில் நாள், மப்பு நாள் இரண்டின் கணக்கும் ஒரே நோட்டில் கிடைத்துவிடும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஏப்ரல், மே மாதம் நம் மலையில் இலை வரத்து அதிகம். ஃபேக்டரி முழு வீச்சில் ஓடும், மெஷின் எல்லாம் பாரத்தோடு ஓடுவதைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் உட்கார வைத்துச் சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. முதல் வாரம் யாரும் உன்னைத் திரும்பிப் பார்க்காவிட்டால் மனம் விட்டுவிடாதே. எலக்ட்ரீஷியன் டீ குடிக்கிற நேரம் எது என்று தெரிந்துவைத்துக்கொண்டு கேள்விகளை அப்போது கேள். அவர் பத்தாவது படித்தவராக இருக்கலாம். எந்த மோட்டாரின் பேரிங் எந்த மாதம் போகும் என்று சத்தத்தை வைத்தே சொல்வார். அவரை அண்ணா என்று கூப்பிட்டு, அவர் பின்னாலேயே நட.

மேனேஜரிடம் கொடுக்க வேண்டிய கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இப்படி எழுதலாம்:

"ஐயா, வணக்கம். நான் இன்னாருடைய மகள். அப்பா உங்கள் ஃபேக்டரிக்குத்தான் இலை போடுகிறார். கோவையில் ட்ரிபிள் இ மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மே 20 முதல் நான்கு வாரம், பகல் நேரத்தில், ட்ரஃப் ஃபேன்கள் எவ்வளவு மின்சாரம் எடுக்கின்றன என்று அளந்து பார்க்க அனுமதி வேண்டும். பேனலை நான் திறக்க மாட்டேன், உங்கள் எலக்ட்ரீஷியன் கூட இருக்கும்போது மட்டும் அளப்பேன். சம்பளம் எதுவும் வேண்டாம். முடிவில் எந்த ஃபேனில் எவ்வளவு மிச்சம் செய்யலாம் என்று கணக்கு எழுதி உங்களிடம் தருகிறேன். கல்லூரிக் கடிதம் இணைத்திருக்கிறேன்."

சம்பளம் வேண்டாம் என்று எழுத எனக்கே சங்கடமாக இருக்கிறது. உழைப்புக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி, எங்கள் கம்பெனியில் வருகிற பிள்ளைகளுக்குக் குறைந்தபட்சம் பஸ் செலவும் சாப்பாடும் கொடுக்க வைத்திருக்கிறேன். ஆனால் பச்சை இலை விலை எப்படி ஏறி இறங்குகிறது என்று உன் அப்பாவைக் கேட்டால் தெரியும், சின்ன ஃபேக்டரிகளும் அதே அலையில்தான் ஆடுகின்றன. வீட்டிலிருந்தே போய் வருவதால் உனக்குக் கைக்காசு போகாது. நான்கு வாரத்துக்கு மேல் இலவசமாக வேலை வாங்கப் பார்த்தால் மட்டும் ஒத்துக்கொள்ளாதே.

அப்புறம், உள்ளே போகும்போது துப்பட்டா வேண்டவே வேண்டாம். கூந்தலைச் சுற்றிக் கட்டி மேலே துணி கட்டிக்கொள். வளையல், தொளதொள சட்டைக் கை எதுவும் கூடாது, கால் மூடிய ஷூ வேண்டும். சிடிசி ரோலர் இலைக்கும் துணிக்கும் வித்தியாசம் பார்க்காது. சீசனில் ஃபேக்டரி ராத்திரியும் ஓடும், ராத்திரி ரீடிங் வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியனை எழுதிவைக்கச் சொல், நீ இருக்க வேண்டாம். முதல் நாள் அப்பாவோ அம்மாவோ கூட வந்து மேனேஜரைப் பார்த்துவிட்டுப் போகட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த ஃபேக்டரி சரிவரவில்லை என்றால் மலையில் வேறு இடங்களும் இருக்கின்றன. ட்ரிபிள் இ படிக்கிற பெண்ணுக்கு முதலில் சொல்ல வேண்டியது மின் நிலையங்கள். பைக்காரா 1932-லேயே மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது. குந்தா திட்டம் கனடா நாட்டு உதவியோடு வந்தது. இப்போது போர்த்திமந்து நீர்த்தேக்கத்தை மேலேயும் அவலாஞ்சி-எமரால்டு நீர்த்தேக்கத்தைக் கீழேயும் வைத்து 500 மெகாவாட் நீரேற்று மின் திட்டம் வருகிறது, 125 மெகாவாட் மெஷின்கள் நான்கு. மின்வாரியத்தில் உற்பத்திப் பிரிவு இப்போது தனி நிறுவனம். கல்லூரி முதல்வர் கடிதம் மேலே போய், கையெழுத்தாகி, கீழே இறங்கி வரவேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். இந்த வாரமே கடிதம் போனால்தான் உண்டு. கிடைத்தாலும் கூட்டத்தோடு சில நாள் சுற்றிக் காட்டுவதாகவே இருக்கலாம். சில நாள் என்றாலும் போ. டர்பைன் ஹாலில் நின்று கேட்கிற சத்தத்தை எந்த வீடியோவும் தராது.

முத்தோரையில் இருக்கிற ரேடியோ தொலைநோக்கியை பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பாய். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-லிருந்து இயங்குகிறது. மலைச்சரிவு ஏறக்குறைய 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் அதே 11 என்பதால் அதன் நீண்ட அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அந்த ஒரே அச்சில் உருண்டு வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்காகப் பின்தொடரும். அங்கே நினைத்த உடனே இடம் கிடைக்காது, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாகப் போகவேண்டும். குன்னூர் லோகோ ஷெட் மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு வரம், ரயில்வே சேலம் கோட்டத்தில் கேட்க வேண்டும். அருவங்காடு தொழிற்சாலை வெடிமருந்து சம்பந்தப்பட்டது, ஆறு வார லீவுக்குள் அனுமதியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காதே.

பெரிய இடங்களின் காலக்கணக்கு வேறு. ஐஐடி மெட்ராஸின் கோடைகால ஃபெலோஷிப் மூன்றாம் வருஷப் பிள்ளைகளுக்கானது. விண்ணப்பம் வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சோடு மூடிவிடும். இதைப் படித்த உடனே அவர்கள் இணையதளத்தைப் பார். அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து தருகிற இரண்டு மாத ஃபெலோஷிப்புக்கு முந்தின வருஷக் கடைசியிலேயே விண்ணப்பிக்க வேண்டும், அது உனக்குக் கைவிட்டுப் போய்விட்டது. இரண்டாம் வருஷம் படிக்கிற உன் ஜூனியர்களிடம் மறக்காமல் சொல், பஸ் செலவுக்கே யோசிக்கிற பிள்ளைகளுக்கு உதவித்தொகையோடு வருகிற வாய்ப்பு அது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் (ஏஐசிடிஇ) இன்டர்ன்ஷிப் போர்ட்டலில் பதிவு செய்ய மாணவர்களுக்குச் செலவில்லை, பதிந்து வை. அதிலும் ஒவ்வொரு இடத்தையும் விசாரித்துவிட்டுத்தான் போகவேண்டும். பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் என்று வாட்ஸப்பில் வருவதைப் பார்த்துக் குழம்பாதே. 2024-ல் அறிவித்தபோது வைத்த விதிப்படி அது ஒரு வருஷப் பயிற்சி, முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்கள் சேர முடியாது.

ஃபேக்டரியில் நான்கு வாரம் முடிந்தால் உனக்கு இன்னும் இரண்டு வாரம் மிச்சம். அந்த இரண்டு வாரத்துக்குக் கோவைக்கு எழுது. இப்போது எழுதுகிற கடிதம் வேறு மாதிரி இருக்கும். "கோத்தகிரியில் ஒரு டீ ஃபேக்டரியில் எட்டு ட்ரஃப் ஃபேன்களை நான்கு வாரம் அளந்திருக்கிறேன், மோட்டார்கள் பாதி பாரத்தில் ஓடுகின்றன, பாரம் குறையும்போது எஃபிஷியன்சி எப்படி இறங்குகிறது என்று உங்கள் டெஸ்ட் பெஞ்சில் பார்க்க விரும்புகிறேன்" என்று எழுது, கூட நோட்டின் ஒரு பக்கத்தை வை. அறுபது பேருக்கு வேண்டாம், ஐந்து பேருக்குப் போதும். பீளமேடு, கணபதி, குறிச்சி சிட்கோ பக்கம் மோட்டார் செய்கிற சின்னப் பட்டறைகள் எத்தனையோ இருக்கின்றன, முதலாளியே டெஸ்ட் பெஞ்சில் நிற்கிற இடங்கள். மெயில் பார்க்கமாட்டார்கள், போனில் கேட்டுவிட்டு நேரில் போ. ஹாஸ்டலில் லீவு நாட்களிலும் தங்கவிடுவார்களா என்று வார்டனிடம் இப்போதே கேட்டு வை. தினமும் மேலேயும் கீழேயும் போய்வரலாம் என்று கணக்குப் போடாதே.

டிபார்ட்மென்ட்டில் டீ ஃபேக்டரியா என்று முகம் சுளித்தால், போவதற்கு முன்பே ஹெச்ஓடியிடம் அந்த ஃபேன் கணக்கை ஒரு பக்கம் எழுதிக் காட்டி எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடு. எத்தனை வாரத்துக்கு எத்தனை கிரெடிட் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள். முதல்வர் கடிதத்தில் தேதி, நிறுவனத்தின் பெயர், உன் பதிவு எண் மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகிறாய் அல்லவா? சாயங்காலம் அப்பா இலையை ஏற்றும்போது நீயும் கூடப் போ. எடை போட்டு முடிந்ததும், மாடியில் எத்தனை ட்ரஃப் இருக்கிறது என்று மட்டும் எண்ணிக்கொண்டு வா, முடிந்தால் ஒரு மோட்டாரின் பெயர்ப் பலகையில் உள்ள எச்பி, ஆம்பியர், ஆர்பிஎம் மூன்றையும் குறித்துக்கொள். மேனேஜருக்குக் கொடுக்கிற கடிதத்தில் அந்த எண்கள் இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, பார்த்துத் திருத்தித் தருகிறேன்.